துறையின் மெயில் சர்வரை நிறுத்தும் முன்

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் கணினி ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிறேன். துறைக்கென்று தனி மெயில் சர்வர் உண்டு: மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து தர டவ்காட், உலாவியில் படிக்க ரவுண்ட்கியூப். ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அலுவலகம் எல்லாம் சேர்த்து 160 கணக்குகள், மொத்தம் 400 ஜிபி. இப்போது பல்கலைக்கழகம் முழுவதும் கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு மாறுகிறது. இரண்டு மாதத்தில் துறை சர்வர்களை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பழைய மெயில் ஒன்றுகூடப் போகக்கூடாது என்கிறார்கள் மூத்த பேராசிரியர்கள். சிலர் இன்னும் அவுட்லுக்கில் பாப் முறையில் மெயிலை இறக்கிக்கொள்கிறார்கள். துறை முகவரிகள் ஆய்வுக் கட்டுரைகளில் அச்சாகியிருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? ஒரு நீண்ட விடுமுறையில் இரவோடு இரவாக முடித்துவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடுமுறையும் வேண்டாம், இரவும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. இரண்டு மாதம் போதும். ஆனால் முதல் மூன்று வாரம் கூகுள் பக்கமே போகாமல் உங்கள் பழைய சர்வரைப் படியுங்கள். 400 ஜிபியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கக் கருவிகள் இருக்கின்றன. எந்தெந்த எந்திரங்களும் நிரல்களும் இந்தச் சர்வரை நம்பி ஓடுகின்றன என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. மாற்றம் சொதப்புவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சர்வரின் மெயில் லாக் (எது வந்தது, எது போனது என்ற பதிவேடு) பொதுவாக நான்கு வாரம்தான் இருக்கும், பிறகு பழையது தானாக அழிந்துவிடும். பழைய லாக்கை அழிக்கும் லாக்ரொடேட் அமைப்பில் அந்த எண்ணிக்கையை உயர்த்தி, மாற்றம் முடியும்வரை எதுவும் அழியாதபடி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, பருவத்துக்கு ஒருமுறை மட்டும் மெயில் அனுப்பும் நிரல்கள் துறையில் கட்டாயம் இருக்கும். லாக் குறுகியதாக இருந்தால் அவை கண்ணில் படாது.

போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் ஒவ்வோர் இணைப்புக்கும் 'கிளையன்ட்' என்று ஓர் ஐபி முகவரி பதிவாகும். கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர் என்றால் பயனர் பெயரும் கூடவே இருக்கும். பெயரோடு வருபவை மனிதர்கள். பெயரே இல்லாமல் வெறும் ஐபியிலிருந்து வெளியே மெயில் அனுப்புபவை எந்திரங்கள். அமைப்புக் கோப்பில் 'மைநெட்வொர்க்ஸ்' என்ற வரியில் வளாக ஐபிகளைச் சேர்த்திருப்பதால்தான் அவற்றைச் சர்வர் கேள்வி கேட்காமல் அனுமதிக்கிறது. அந்த ஐபிகளை மட்டும் பிரித்து எடுத்துப் பட்டியலிட்டால், ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், மின்சாரம் போனால் எச்சரிக்கும் யுபிஎஸ், 'வேலை முடிந்தது' என்று சொல்லும் கணக்கீட்டுக் கிளஸ்டர், துறை ஆய்விதழை நடத்தும் ஓஜேஎஸ், இணையப் பாடங்களுக்கான மூடில், பேக்கப் ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். ஒவ்வோர் ஐபிக்கும் நேரில் போய் அது என்ன, யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். 'யாருடையது என்று தெரியவில்லை' என்று சில மிஞ்சும். மாற்றத்தன்று தொலைபேசி அடிக்கப்போவது பெரும்பாலும் அவற்றால்தான்.

அதே உட்காரலில் இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, எந்த மாற்றுப்பெயருக்கு வரும் மெயில் யாருக்குப் போகும் என்று சொல்லும் ஏலியாஸ் கோப்பு. இரண்டாவது, பயனர்களின் ஹோம் கோப்புறையில் இருக்கும் ஃபார்வர்ட் கோப்புகள். பாதி ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருப்பது அதில்தான் தெரியும். மூன்றாவது டவ்காட் லாக்கில் பாப் வழியாக நுழைபவர்களின் பெயர்கள். இந்தக் கடைசிப் பட்டியல் பொன் போன்றது. இவர்களுடைய மெயில் சர்வரில் இல்லை, மேசைக் கணினியில் இருக்கிறது. நீங்கள் சர்வரை எவ்வளவு சுத்தமாக நகலெடுத்தாலும் இவர்களுக்கு எதுவும் வந்து சேராது.

அடுத்தது முகவரி. பல்கலைக்கழகத்தில் இந்த மாற்றத்தை நடத்தும் மத்தியக் குழுவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எங்கள் துணை டொமைனை (துறை முகவரிகளில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) எப்படிச் சேர்க்கப் போகிறீர்கள்? ஒர்க்ஸ்பேஸில் இதற்கு இரண்டு வழி. 'டொமைன் ஏலியாஸ்' என்று சேர்த்தால், பல்கலைக்கழகத்தின் முதன்மை டொமைனில் உள்ள ஒவ்வொரு பயனருக்கும் அதே பெயரில் உங்கள் துறை டொமைனிலும் ஒரு முகவரி தானாக உருவாகிவிடும். கேட்க வசதியாக இருக்கும். ஆனால் இயற்பியல் துறையில் செந்தில்குமார் ஒருவர், வணிகவியலில் இன்னொருவர். முதன்மை டொமைனில் அந்தப் பெயரை வணிகவியல்காரர் முந்திப் பிடித்திருந்தால், உங்கள் செந்தில்குமாருக்குக் கட்டுரை மதிப்பீட்டாளர் எழுதும் மெயில் வணிகவியலுக்குப் போய்ச் சேரும். திரும்பி வராது, பிழைச் செய்தியும் வராது. ஆகவே இரண்டாவது வழியில், முகவரிகள் தானாக உருவாகாத 'செகண்டரி டொமைன்' ஆகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய பழைய துறை முகவரியைத் தனித்தனி மாற்றுப்பெயராகக் கொடுக்கலாம். ஒரு பயனருக்கு 30 மாற்றுப்பெயர் வரை அனுமதி உண்டு என்பதால் இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால் என்று ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் எல்லா வடிவங்களும் அடங்கும். சாதாரண ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளி கணக்கில் வராது. ஒர்க்ஸ்பேஸில் வரும். புள்ளி உள்ளது, இல்லாதது இரண்டும் புழக்கத்தில் இருந்தால் இரண்டையும் பதியுங்கள்.

துறைத் தலைவர், அலுவலகம், சேர்க்கை, வேலைவாய்ப்பு போன்ற பதவி முகவரிகளை ஒரு மனிதரின் மாற்றுப்பெயராக வைக்காதீர்கள். தலைவர் மாறும்போது பழைய கடிதங்கள் முன்னவரின் பெட்டியோடு போய்விடும், புதியவர் வெறும் பெட்டியோடு உட்காருவார். அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, இப்போதைய தலைவருக்கும் கண்காணிப்பாளருக்கும் 'டெலிகேஷன்' (தங்கள் கணக்கிலிருந்தே அந்தப் பெட்டியைத் திறக்கும் வசதி) வழியாக அனுமதி கொடுங்கள். கடவுச்சொல்லைக் கைமாற்றும் பழக்கமும் அதோடு ஒழியும். படித்து முடித்துப் போன ஆய்வு மாணவர்களின் முகவரி கட்டுரைகளிலும் ஆர்கிட், ஸ்கோபஸ் போன்ற ஆய்வாளர் விவரத் தளங்களின் கணக்குகளிலும் இருக்கும். நிதி அமைப்புகளின் தளங்களில் கடவுச்சொல் மீட்பும் ஓடிபியும் அந்த முகவரிக்கே வரும். அவர்களுக்குப் பெட்டி தர மத்தியக் குழு மறுக்கலாம், அது நியாயமும்கூட. ஆனால் வரும் மெயிலைத் திருப்பி விடும் வசதியாவது மூன்று வருடத்துக்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி நகலெடுப்பு. கூகுள் நிர்வாகப் பக்கத்திலேயே தரவு மாற்றச் சேவை இருக்கிறது. அது இணையத்திலிருந்து உங்கள் சர்வரின் 993-ஆம் போர்ட்டுக்கு ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக வந்து மெயிலை எடுத்துக்கொள்ளும். இதில் இரண்டு இடத்தில் சிக்கும்: வளாக ஃபயர்வால் அந்தப் போர்ட்டை வெளியிலிருந்து மூடி வைத்திருக்கும், சர்வரின் சான்றிதழ் காலாவதியானதாகவோ நீங்களே தயாரித்ததாகவோ இருக்கும். இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். இன்னொரு வழி ஐமேப்சிங்க் என்ற நிரல். கோப்புறைப் பெயர்களை நீங்கள் விரும்பியபடி மாற்ற முடியும், மறுபடி ஓட்டினால் புதிதாக வந்ததை மட்டும் எடுக்கும். ஆனால் ஐமேப் வழியாக ஒரு ஜிமெயில் கணக்கில் ஒரு நாளில் 500 எம்பிதான் ஏற்ற முடியும். 12 ஜிபி வைத்திருக்கும் பேராசிரியருக்கு இருபத்து நான்கு நாள் ஆகும். ஆகவே சிறிய பெட்டிகளுக்கும் கோப்புறைச் சிக்கல் உள்ளவற்றுக்கும் ஐமேப்சிங்க், கனமானவற்றுக்குக் கூகுளின் சேவை என்று பிரித்துக்கொள்வது நல்லது. எதைத் தொடங்கும் முன்னும் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று கேட்டு வையுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு முன்பு இருந்த வரம்பில்லாத இடத்தைக் கூகுள் எடுத்துவிட்டது. 2022 முதல் இலவசப் பதிப்பில் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபிதான். அதைப் பல்கலைக்கழகம் எப்படிப் பங்கிடுகிறதோ அதுதான் உங்களுக்கு.

160 பேரின் கடவுச்சொல்லை எப்படி வாங்குவது என்று குழம்ப வேண்டாம். வாங்கவே கூடாது. டவ்காட்டில் 'மாஸ்டர் யூசர்' என்று ஒரு வசதி உண்டு. அதற்கென்று தனிக் கடவுச்சொல் கோப்பு வைத்து, பயனர் பெயர், நட்சத்திரக் குறி, மாஸ்டர் பெயர் என்று சேர்த்து எழுதி நுழைந்தால் அந்தப் பயனரின் பெட்டி திறக்கும். வேலை முடிந்த அன்றே அதை நீக்கிவிடுங்கள்.

கோப்புறைகளில் கவனம் வேண்டும். ஒவ்வொரு மெயில் நிரலும் அனுப்பிய மெயிலுக்கு ஒவ்வொரு பெயர் வைக்கும். சென்ட், சென்ட் ஐட்டம்ஸ், சென்ட் மெசேஜஸ், சென்ட்-மெயில் என்று ஒரே பெட்டியில் நான்கு கிடக்கும். இவற்றைக் கூகுளின் 'சென்ட்' கோப்புறைக்குள் சேர்க்கும்படி அமைக்காவிட்டால் நான்கு தனி லேபிளாக வந்து உட்கார்ந்துவிடும், 'நான் அனுப்பியதெல்லாம் காணோம்' என்ற புகாரும் வரும். கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் உங்கள் துறையிலும் இருப்பார்கள். ஐமேப் அந்தப் பெயரை யுடிஎஃப்-7 குறியாக்கத்தின் ஒரு திரிந்த வடிவத்தில் சேமிக்கிறது. சர்வரின் வட்டில் நேரடியாகப் பார்த்தால் ஆம்பர்சாண்ட் குறியையும் ஆங்கில 'சி' எழுத்தையும் அடுத்து நீளமாகப் புரியாத எழுத்துகள் தெரியும். அது கெட்டுப்போன கோப்புறை இல்லை, 'தேர்வுக் குழு'வாக இருக்கலாம். அழித்துவிடாதீர்கள். ஐமேப் வழியாகவே நகலெடுத்தால் சரியாக வரும். வட்டிலிருந்து நேராக அள்ளிக்கொண்டு போனால் அந்தப் பெயரோடேயே போகும்.

நகல் முடிந்ததும் எண்ணிக்கையை ஒப்பிடுவீர்கள். பொருந்தாது, பதற வேண்டாம். ஒரே மெயில் இரண்டு கோப்புறையில் இருந்தால் ஜிமெயில் அதை ஒன்றாக வைத்து இரண்டு லேபிள் ஒட்டும். மிகப் பெரிய இணைப்புள்ள மெயில்களைப் புதிய பெட்டி ஏற்காமல் விட்டிருக்கும், அவற்றின் பட்டியல் லாக்கில் இருக்கும். அந்தச் சில மெயில்களை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் சீவ் வடிகட்டி விதிகள் நகராது. கூகுளில் புதிதாக எழுத வேண்டும்.

பாப்காரர்களுக்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அவுட்லுக் என்றால் அது மெயிலைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பைத் தேடுங்கள். அவுட்லுக் 2002-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் உரிய கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் முறிந்துவிடும் இயல்புடையது. அந்த அளவை நெருங்கிய பழைய கோப்பு கண்ணில் பட்டால் திறக்கும் முன்பே நகலெடுத்து வையுங்கள். தண்டர்பேர்ட் என்றால் அதே நிரலில் புதிய கணக்கை ஐமேப்பாகச் சேர்த்து, கோப்புறையை இழுத்து விடலாம். ஒரே இழுப்பில் இருபதாயிரம் மெயிலைத் தூக்காமல் ஐந்நூறு ஐந்நூறாக நகர்த்துங்கள். நடுவில் நின்றால் எங்கே நின்றது என்று தெரியும். இழுக்கும்போது 'நகர்த்து' வேண்டாம், 'நகலெடு' போதும்.

இனி நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. எம்எக்ஸ் பதிவை (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று உலகுக்குச் சொல்லும் வரி) மாற்றிவிட்டால் எல்லா மெயிலும் கூகுளுக்குப் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. வெளியுலகிலிருந்து வருபவை போகும். உங்கள் பழைய சர்வரோ 'இந்த டொமைனுக்கு நானே கடைசி இடம்' என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ் மெஷினும் ஓஜேஎஸ்ஸும் அதற்குக் கொடுக்கும் மெயிலை அது எம்எக்ஸைப் பார்க்காமலே தன் வட்டில் உள்ள பழைய பெட்டியில் போட்டுக்கொள்ளும். பிழை வராது, லாக்கில் 'சென்ட்' என்றே இருக்கும். மதிப்பீட்டாளரின் பதில் ஏன் வரவில்லை என்று மூன்று வாரம் கழித்துத் தேடத் தொடங்குவார்கள். எம்எக்ஸ் மாற்றும் அதே மணியில் போஸ்ட்ஃபிக்ஸின் 'மைடெஸ்டினேஷன்' வரியிலிருந்தும், விர்ச்சுவல் பெட்டி அமைப்பு இருந்தால் அதிலிருந்தும் டொமைனை எடுத்து, 'ரிலே டொமைன்ஸ்' (மெயிலை வாங்கி வேறிடத்துக்குக் கடத்த வேண்டிய டொமைன்கள்) வரியில் சேர்த்து, கூகுளுக்கு அனுப்பும்படி டிரான்ஸ்போர்ட் கோப்பில் எழுதுங்கள்.

இதே கண்ணி மறுபக்கத்திலும் இருக்கிறது. உங்கள் துறை முகவரிகளை ஒர்க்ஸ்பேஸில் முன்கூட்டியே பதிந்துவிட்டால், பல்கலைக்கழகத்தின் மற்ற துறையினர் அனுப்பும் மெயிலை கூகுள் வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே புதிய பெட்டியில் சேர்த்துவிடும். அங்கே யாரும் இன்னும் எட்டிப் பார்க்காத நேரம் அது. பதிவாளர் அலுவலகத்தின் மெயில் மட்டும் வரவில்லை என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். முதன்மை டொமைனில் கணக்குகளை முன்பே திறக்கலாம். துறை முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்ப்பதை மட்டும் மாற்றத்தன்று செய்யுங்கள். கேம் என்ற கட்டளைவரிக் கருவியில் 160-ஐயும் ஒரு பட்டியலிலிருந்து சில நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

டொமைன் பெயர்களின் விலாசப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் செய்ய வேண்டிய வேலையை மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86400 நொடி, அதாவது ஒரு நாள், என்று இருந்தால் அதை 300 ஆக்கிவிட்டு, பழைய ஒரு நாள் கழியும்வரை காத்திருந்தால்தான் பலன். டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு துணை டொமைனுக்குத் தனியாக வேண்டும், தாய் டொமைனுடையது இறங்கி வராது. ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதையே திருத்துங்கள். இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருந்தால் இரண்டும் செல்லாது. சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கை இதற்கு நேர்மாறு: துறைக்கு என்று தனியாக இல்லாவிட்டால் தாய் டொமைனுடையது இறங்கி வரும். பல்கலைக்கழகம் 'ரிஜெக்ட்' என்று கடுமையாக வைத்திருந்தால், உங்கள் பட்டியலில் விட்டுப்போன எந்திரம் அனுப்பும் மெயிலை வெளியே யாரும் ஏற்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதம் துறைக்கு 'நன்' என்ற தளர்ந்த கொள்கையைத் தனியாகப் போட்டு வையுங்கள். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்திடும் டிகிம் சாவியையும் செகண்டரி டொமைனுக்கென்று தனியாக உருவாக்க வேண்டும், மத்தியக் குழு மறந்துவிடும் இடம் அது. இன்னொன்று: உங்கள் துணை டொமைனின் டிஎன்எஸ் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பல துறைகளில் அது மெயில் சர்வர் இருக்கும் அதே கணினியில்தான் ஓடும். மெயில் முடிந்தது என்று அந்தக் கணினியை அணைத்தால் துறையின் இணையதளமும் சேர்ந்து மறையும்.

ஜெராக்ஸ் மெஷின் விஷயத்துக்கு வருவோம். 2025-இல் கூகுள் வெறும் கடவுச்சொல்லால் மட்டும் மெயில் நிரல்கள் நுழைவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலான ஓஆத் என்ற அனுமதி முறை மெஷினுக்குத் தெரியாது. மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் கூகுளின் எஸ்எம்டிபி ரிலே சேவையில் ஐபி முகவரியை வைத்து அனுமதிக்கலாம், ஆனால் வளாகத்திலிருந்து வெளியே தெரியும் ஐபி பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவானது. அதை அனுமதித்தால் விடுதியில் வைரஸ் பிடித்த மடிக்கணினியும் உங்கள் பெயரில் அனுப்பும். நல்ல ஏற்பாடு: தனிப் பொது ஐபியுடன் ஒரு சிறிய போஸ்ட்ஃபிக்ஸ் ரிலேவைத் துறையிலோ மத்தியக் குழுவிலோ வைத்து, பெயர் தெரிந்த எந்திரங்களை மட்டும் அதில் அனுமதித்து, அது ஒன்று மட்டும் கூகுளோடு பேசட்டும். ஸ்கேனுக்கு மெயிலே வேண்டாம், நெட்வொர்க் கோப்புறையில் சேமித்தால் போதும் என்று அலுவலகம் ஒத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைக்கு கூகுள் குரூப் திறந்துவிடுங்கள். ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 2,000 மெயில்தான் போகும்.

ஆசிரியர்களுக்கு அறிவிப்பை மெயிலில் மட்டும் அனுப்பாதீர்கள். 'உங்கள் அஞ்சல் பெட்டி புதிய அமைப்புக்கு மாறுகிறது, இங்கே சொடுக்கவும்' என்பது மோசடிக்காரர்களின் நிரந்தர வாசகம். உண்மையிலேயே மாற்றம் நடக்கும் வாரத்தில் அது வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துறைத் தலைவர் கையெழுத்தோடு தாளில் சுற்றறிக்கை போகட்டும்: இணைப்பு எதுவும் மெயிலில் வராது, கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டோம், முதல் நுழைவு ஆய்வகத்தில் இன்ன நாளில். அந்த நுழைவின்போதே இரண்டு படிச் சரிபார்ப்பை அமைத்து, கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கைப்பேசியை மாற்றிவிட்டு வந்து நிற்பவர்களுக்கு அதுதான் கதவு.

மாற்றத்துக்கு நாள்: வேலை நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எம்எக்ஸ் மாறும்போது மெயில் தொலைவதில்லை. பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் பழைய இடத்துக்கே கொண்டுவரும், அங்கிருந்து உங்கள் ரிலே கூகுளுக்குத் தள்ளும். சேர்க்க முடியாமல் போனாலும் அனுப்புபவரின் சர்வர் பொதுவாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். ஆகவே இரவில் செய்து மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. எந்த எந்திரம் நின்றது என்பது அலுவலகம் இயங்கும்போதுதான் தெரியும், மத்தியக் குழுவும் இருக்கையில் இருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் மாற்றினால் ஐந்தாம் நாள் எல்லாப் புகாரும் ஒன்றாக வரும். அதேபோல் சேர்க்கை நடக்கும் மே, ஜூன், பருவத் தேர்வு நடக்கும் நவம்பர் ஆகிய மாதங்களைத் தவிருங்கள்.

முதல் நகலை மூன்று வாரம் முன்பு எடுத்திருப்பீர்கள். மாற்றிய அன்று மாலை இரண்டாவது ஓட்டம், ஒரு வாரம் கழித்து மூன்றாவது. அதன்பின் பழைய சர்வரில் பாப், ஐமேப் நுழைவை மூடிவிட்டு, ரிலேயாக மட்டும் ஆறு மாதம் ஓட விடுங்கள். மத்தியக் குழு இரண்டு மாதம் என்று சொன்னது பெட்டிகளைப் பற்றி. ரிலேவுக்குத் தனியாக அனுமதி கேட்டால் பொதுவாக மறுக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை லாக்கைப் பாருங்கள். இன்னும் யார் வருகிறார்கள் என்று அதில் தெரியும்.

வட்டை அழிக்கும் முன் மெயில்மேன் என்ற குழு மெயில் நிரலில் உள்ள குழுக்களின் பழைய காப்பகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் எடுத்து வையுங்கள். ரவுண்ட்கியூபின் முகவரிப் புத்தகம் அதன் டேட்டாபேஸில் இருக்கிறது, ஐமேப் நகலில் வராது. ஒவ்வொருவரும் விகார்ட் என்ற தொடர்பு விவரக் கோப்பாக ஏற்றுமதி செய்து கூகுள் கான்டாக்ட்ஸில் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்பு ஸ்குரில்மெயில் என்ற பழைய வெப்மெயில் ஓடியிருந்தால், பயனர் பெயரோடு 'ஏபுக்' என்று முடியும் சிறு உரைக் கோப்புகள் அதன் தரவுக் கோப்புறையில் இன்னும் கிடக்கும். செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்ட வரிகள் அவை, எக்செல்லில் திறந்து சிஎஸ்வியாக மாற்றிக்கொள்ளலாம்.